லாரி வாங்கும் முன் எடையைப் பாருங்கள்

பொழுது விடியும் முன்பே களியக்காவிளையில் சரக்கு வண்டிகளின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். தோவாளைப் பூ, வடசேரிக் காய்கறி, ஆரல்வாய்மொழிச் செங்கல் எல்லாம் இந்த வழியாகத்தான் திருவனந்தபுரம் பக்கம் போகின்றன. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. நடுவே கோடு விழுந்ததே தவிர, கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை.

இந்தப் போக்குவரத்தை நம்பி, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் சொந்தமாக லாரி வாங்க ஆசைப்படும் நம்மவர்கள் உண்டு. பல ஆண்டுகள் கிளீனராகவும் டிரைவராகவும் உழைத்தவர் முன்பணம் சேர்க்கிறார். குமாஸ்தா வேலையில் இருக்கும் மைத்துனர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். ஆக, ஒரு வண்டியின்மேல் இரண்டு குடும்பங்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எனவே வண்டியின் நிறத்தையும் தொட்டியின் நீளத்தையும் பார்ப்பதற்கு முன், ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடையைப் பார்ப்பது நல்லது.

மூன்று வகை

வண்டியின் சொந்த எடையும், ஏற்ற அனுமதித்த பாரமும் சேர்ந்ததே மொத்த எடை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மொத்த எடை 7,500 கிலோ வரை இருந்தால் அது இலகு ரகம். 12,000 கிலோவுக்கு மேற்பட்டது கனரகம். இடையில் இருப்பதே நடுத்தர ரகம்.

“காலி வண்டியைத்தானே ஓட்டுகிறேன்” என்று சிலர் வாதிப்பார்கள். அது செல்லாது. சரக்கு வண்டிக்கு லைசென்ஸைத் தீர்மானிப்பது அன்றைய பாரம் அல்ல, பதிவான மொத்த எடையே.

முன்பு நடுத்தர வண்டிக்கும் கனரக வண்டிக்கும் லைசென்ஸில் தனித்தனிப் பிரிவு இருந்தது. 1994 நவம்பரில் அமலுக்கு வந்த திருத்தம் இவற்றைப் ‘போக்குவரத்து வாகனம்’ என்ற ஒரே பிரிவாக்கியது. சாதாரண இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் சரக்கு வண்டி ஓட்டலாமா என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியானால் தனிக் குறிப்பு இல்லாமலே ஓட்டலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2024 நவம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதையே உறுதி செய்தது.

அந்த அளவைத் தாண்டினால் போக்குவரத்து வாகன லைசென்ஸ் கட்டாயம். அதற்கு வயது 20 நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக லைசென்ஸ் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். உரிய லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளக் கோர்ட் அனுமதிப்பதுண்டு. பிறகு வீடும் மனையும்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

லைசென்ஸ் தொல்லை வேண்டாம் என்று 7,490 கிலோ வண்டி வாங்குகிறீர்கள். பாடி கட்டிய பின் அதன் சொந்த எடை 3,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக்கூடியது 4,190 கிலோ. நூறு கன அடி, அதாவது ஒரு யூனிட் மணல், சுமார் 4,500 கிலோ. நனைந்திருந்தால் இன்னும் அதிகம். மூன்று கிலோச் செங்கல் 1,500 ஏற்றினாலும் அதே 4,500 கிலோதான். தொட்டியில் இடம் இருக்கும். சட்டத்தில் இடம் இராது.

கூடுதல் பாரத்துக்கு மையச் சட்டம் 2019 முதல் குறித்திருக்கும் அபராதம் 20,000 ரூபாய். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் வேறு. அதிகச் சுமையை வழியிலேயே இறக்கவும் வேண்டும். ஒரு நாள் அகப்பட்டால் ஒரு மாதத் தவணை போய்விடும். பிரேக்கும் டயரும் தேய்வது தனிக் கணக்கு.

ஆகவே காய்கறி, பூ, வாழைக்குலை ஏற்றுபவருக்கு இலகு ரகமே போதும். மணலும் கல்லும் நாள்தோறும் ஏற்றுபவர் நடுத்தர வண்டி வாங்கி, அதற்குரிய லைசென்ஸும் எடுப்பதே லாபம். ஆனால் நெய்யாற்றின்கரை உட்கிராமங்களின் மேடு பள்ளமான குறுகிய பாதையில் அந்த வண்டி திரும்புமா என்று முதலில் நேரில் பார்த்துவிடுங்கள்.

எல்லை தாண்டும்போது

லைசென்ஸ் எங்கே எடுத்திருந்தாலும் இந்தியா முழுவதும் செல்லும். வண்டிக்கு அப்படியல்ல. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டும். அடுத்த மாநிலத்துக்குள் போக நேஷனல் பர்மிட்டோ, அந்த மாநிலத்தின் மேலொப்பமோ வேண்டும். மார்த்தாண்டத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று டி.என். 75 வண்டி வாங்கி, 12 மாதத்துக்கு மேல் பாறசாலையில் வைத்திருந்தால், கேரளப் பதிவு எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். பழைய ஆபீஸின் தடையில்லாச் சான்று இல்லாமல் அது நடக்காது. பழைய வண்டியில் கடன் பாக்கி உண்டா என்று ஆர்.சி.யில் பார்ப்பதும் அவசியம்.

பழைய வண்டியானால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி நிறுத்துங்கள். சீட்டில் வரும் எடையை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். அந்தப் பாரத்துக்குக் கிடைக்கும் வாடகையில் தவணை கட்ட முடிந்தால் வாங்குங்கள். ஜாமீன் போடும் மைத்துனரும் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகே பேனாவைத் திறக்கட்டும்.