தோய்ச்சலுக்கு ஓர் எண்ணெய்த் தொட்டி

கத்தி அடிக்கக் கற்பவர்கள் உலைக்கும் சம்மட்டிக்கும் நிறையவே மெனக்கெடுகிறார்கள். காய்ச்சிய அலகை முக்கித் தோய்க்கும் எண்ணெய்த் தொட்டி என்று வரும்போது மட்டும் கைக்குக் கிடைத்த வாளி போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அடித்த இரும்பு வெட்டுமா, மழுங்குமா என்பது முடிவாவதே அந்தத் தொட்டிக்குள்தான். பட்டறையில் தீப்பற்ற வாய்ப்பு மிகுந்த இடமும் அதுதான்.

பழைய லாரிக் கமான் பட்டையில் அடித்த ஒரு கத்தியை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும். உலையில் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தம் அதில் ஒட்டாது. இன்னும் கொஞ்சம் நிறம் ஏறி 830 டிகிரிக்கு வரும்போது கார்பன் இரும்புக்குள் கரைந்து பரவிவிடும். அப்படியே ஆறவிட்டால் கார்பன் பிரிந்து தனி அடுக்குகளாக ஒதுங்கும், எஃகு இளகிப்போகும். சட்டென்று குளிரவைத்தால் பிரிய நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மார்ட்டென்சைட் எனப்படும் அந்தக் கட்டமைப்புதான் கூருக்கு உரம் தருவது. 600 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கலப்பில்லாத கார்பன் எஃகுக்குக் கெடு ஏறக்குறைய ஒரு வினாடி. கமான் பட்டை சில வினாடிகள் பொறுக்கும்.

தண்ணீர் இதைவிட வேகமாகக் குளிர்விக்குமே என்றால், அதுதான் ஆபத்து. சுமார் 250 டிகிரிக்குக் கீழே மார்ட்டென்சைட் உருவாகும்போது எஃகு பருமனில் சற்று விரிகிறது. மேற்பரப்பு ஒரு வேகத்திலும் உட்பகுதி வேறொரு வேகத்திலும் விரிந்தால், ‘டிங்’ என்ற சத்தத்தோடு அலகில் கீறல் விழும். எண்ணெய் தொடக்கத்தில் வேகமாக வெப்பத்தை இழுத்து, அந்தக் கட்டத்துக்கு வரும்போது நிதானித்துவிடுகிறது.

எண்ணெயைக் குளிர்ந்த நிலையில் பயன்படுத்தக் கூடாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் அது இளகி நன்றாக ஓடும். வெப்பத்தை விரைவாகக் கடத்தும். ஒரு துண்டு இரும்பைக் காய்ச்சி முக்கினால் இந்தச் சூடு வந்துவிடும். சுத்திகரித்த கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ கமான் பட்டைக்குப் போதும். கழிவு என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் கலந்திருக்கும் உலோகத் துகள்களும் ரசாயனங்களும் புகையாக நுரையீரலுக்குள் போகும்.

தொட்டிக்கு 6 அங்குல விட்டமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கனமான எம்.எஸ். (மென் எஃகு) குழாய் நல்லது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் கூடாது, வெல்டிங்கில் எழும் அதன் புகை காய்ச்சலில் தள்ளும். அடியில் குழாயைவிட மிக அகலமான தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். கால் இடறினாலும் தொட்டி சாயக் கூடாது. பிளாஸ்டிக் வாளியை நினைத்தும் பார்க்கக் கூடாது. மேலே 5 அங்குலம் காலியாக விட்டால் சுமார் 6 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். 300 கிராம் கத்தி ஒன்றை முக்கினால் அந்த எண்ணெயின் சூடு பத்துப் பதினைந்து டிகிரிதான் ஏறும்.

என் கணக்கில் தொட்டியின் மிக முக்கியமான பாகம் மூடிதான். காற்றுப் புகாமல் உட்காரும் இரும்பு மூடி, நீண்ட கைப்பிடியோடு, எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் பற்றினால் மூடியைப் போட்டாலே தீ அடங்கும். தண்ணீர் ஊற்றினால் அது அடியில் இறங்கி, நொடியில் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயை முகத்தில் வாரி அடிக்கும். மழைச் சாரலோ ஈரமோ தொட்டிக்குள் சேராமல் காப்பதும் மூடிதான்.

இனி முக்குவது. உலையிலிருந்து எடுத்த அலகை நுனி முதலில், செங்குத்தாக, தயங்காமல் இறக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் எண்ணெய் மட்டத்தில் மஞ்சள் தீ குபீரென்று எழும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர்த் துளி தன் ஆவியின் மேலேயே மிதந்து ஓடுவதுபோல, உள்ளே போன எஃகைச் சுற்றியும் ஓர் ஆவிப் படலம் உண்டாகி, குளிர்ச்சியைத் தடுக்கும். அதைக் கலைக்கத்தான் கத்தியை அசைக்கிறோம். வெட்டும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு முகம் முந்திக் குளிர்ந்து அலகு வளைந்துவிடும். பத்து வினாடி கழித்து எடுத்தால் புகை மட்டும் வரும். வளைவு இருந்தால் எடுத்த சில கணங்களுக்குள் தோல் கையுறையோடு நிமிர்த்திவிடலாம்.

ஆறிய பிறகு கூர் ஓரத்தின் கருந்தோலை நீக்கி அரத்தால் ஓர் இழுப்பு. அரம் கடிக்காமல் வழுக்கிப் போனால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. ஆனால் இப்போது கத்தி கீழே விழுந்தாலே உடைந்துவிடலாம். அன்றைக்கே ஓவனில் 200 டிகிரியில், இரண்டிரண்டு மணி நேரமாக இரு முறை வாட்டி, அலகு வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகே கைப்பிடி போட வேண்டும்.