யானைச் சேதத்தைத் தடுத்தல்: வயல்வேலியும் வனசீவராசிகள் அலுவலகமும்

நெற்கதிர் பால்பிடித்து முற்றும் காலத்திலே வன்னியிலும் படுவான்கரையிலும் காட்டை அடுத்த வயல்களில் கமக்காரர் இரவில் உறங்குவதில்லை. நான்கு மாத உழைப்பை ஒற்றை யானை ஓரிரவில் அழித்துவிடும். சேதம் பயிரோடு நிற்பதுமில்லை. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மக்களும் இம்மோதலால் மாண்டனர்.

இவ்விடயத்தில் கமக்காரர் முதலில் நாடுவது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தையாகும். இத்திணைக்களம் 1949ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. காவலுக்கு யானை வெடி வழங்குதல், ஊருக்குள் வந்த யானையை விரட்டுதல், காயமுற்ற யானைக்கு மிருக வைத்தியர் மூலம் சிகிச்சையளித்தல், மின்வேலி அமைத்தல், உயிரிழப்புக்கும் உடைமைச் சேதத்துக்கும் நட்டஈட்டு விண்ணப்பங்களை ஏற்றல் ஆகியன அதன் பணிகளுட் சிலவாம். சில உத்தியோகத்தரே பல கிராமங்களைக் கவனிக்க வேண்டியிருத்தலின், அழைத்தவுடன் எவ்விடத்தும் வந்துசேர அவர்களால் இயலாது.

“யானைகளைப் பிடித்து வேறு காட்டில் விட்டாலென்ன?” என்று பலர் வினவுவர். இலங்கையில் இவ்வாறு இடம்மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளைக் கண்காணித்த ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. அவற்றுட் சில பழைய இடத்துக்கே மீண்டன. சில நெடுந்தூரம் அலைந்து வேறு ஊர்களில் சேதம் விளைவித்தன. கூட்டமாக விரட்டும்போதும் குட்டிகளோடு கூடிய பெண் யானைகளே எளிதில் அகலும். பயிரை நாடும் ஆண் யானைகள் பெரும்பாலும் பின்தங்கிவிடும். மேலும், யானைகள் நடமாடும் நிலப்பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மக்களும் குடியிருக்கின்றனர். ஆகையால், யானையை அகற்றுவதினும் பயிரைக் காப்பதே நம் கைக்கு எட்டிய வழியாகும்.

காட்டின் நடுவே அமைந்த வேலியின் இருபுறமும் யானைகள் உள. அதனைப் பார்ப்பாரும் இலர். கமக்காரர் கூடி வயல்வெளியைச் சுற்றி அமைக்கும் மின்வேலியோ அவர்களது கண்பார்வையில் இருக்கும். போகத்தின் தொடக்கத்தில் இதனை நட்டு, அறுவடை முடிந்ததும் கம்பியையும் தூண்களையும் கழற்றிப் பத்திரப்படுத்துதல் வேண்டும். அப்பொழுது தரிசு வயலின் தாளும் புல்லும் கோடைகாலத்தில் யானைக்கு உணவாகும். வேலியை உடைத்துப் பழகும் வாய்ப்பும் அதற்குக் குறையும்.

மின்வேலிக் கருவி சில ஆயிரம் வோல்ற்று அழுத்தமுள்ள மின்னை ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒருமுறை, கணப்பொழுது மாத்திரமே கம்பியிற் செலுத்தும். அதனால் யானைக்கு அதிர்ச்சி உண்டாகுமேயன்றி உயிர்ச்சேதம் நேராது. எனினும் கம்பியில் புல்லோ கொடியோ பட்டால் மின் நிலத்தில் வடிந்து வேலி வலுவிழக்கும். ஆதலின் பின்வருவனவற்றைத் தவறாது செய்க:

1. வேலியோரத்துப் பற்றைகளை அடிக்கடி வெட்டுக.
2. நாடோறும் மாலையில் கம்பியையும் பற்றரியையும் பரிசோதிக்க.
3. ஒவ்வொரு கமக்காரருக்கும் உரிய வேலித்துண்டையும் காவல் முறையையும் விதைப்புக்கு முன்னரே வகுத்துக்கொள்க.

வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் நேரே இணைத்தல் கொலைக்கு ஒப்பாகும். அத்தகைய கம்பியில் மனிதரும் மாடும் மடிந்ததுண்டு. கட்டுத்துவக்கும், பூசணி முதலிய காய்களுள் மறைத்த வெடியும் சட்டவிரோதமானவை. காயமுற்ற யானை முன்னரிலும் அபாயமானதாகும். அறுவடை செய்த நெல்லை வீட்டினுள் அடுக்கி வைத்தலும் நன்றன்று. நெல்லின் வாசனையை நாடிச் சுவரை இடிக்க யானை தயங்காது. காய்கறித் தோட்டமும் வாழையும் வைத்திருப்போர் வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்து ஊர்வேலி அமைத்தல் நலம்.

யானை வந்தபின் அலுவலகத்துக்கு ஓடுவதிலும், போகத் தொடக்கக் கூட்டத்துக்கே வனசீவராசிகள் உத்தியோகத்தரை அழைத்து, வேலி செல்லும் வழியை அவரோடு நடந்து தீர்மானித்தலே சாலச் சிறந்தது. அவசர வேளையில் 1992 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்குக. பயிர்ச்சேதத்தைக் கமநல சேவை நிலையத்துக்கும் காலந்தாழ்த்தாது தெரிவித்தல் வேண்டும். வேலி அமைக்க அலுவலகம் உதவலாம். அதனை இரவுதோறும் காக்க வேண்டியவர் கமக்காரரே.