தேம்ஸ் நதிக்கரை அண்ணனும் மறைமலைநகர் தம்பியும்!

வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா?

வள்ளி, தெய்வானையுடன் ஏழு அடி உயரத்தில் நின்று அருள் பாலிக்கிறார் முருகன். கிருத்திகை நாளில் கூட்டம் அலை மோதும்.

கோவிலுக்கு வெளியே இன்னொரு காட்சியையும் காணலாம். புத்தம் புதுக் கார் ஒன்று மாலை போட்டுக்கொண்டு நிற்கும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருக்கும். கற்பூரம் காட்டியதும் கார் மெல்ல நகரும். பழம் நசுங்கும். வீட்டாரின் முகத்தில் சிரிப்பு மலரும்.

அந்தக் கார் எங்கே பிறந்தது தெரியுமா? பக்கத்து ஊரிலேயே பிறந்திருக்கலாம்!

ஒரகடத்தில் பிரான்சு நாட்டு ரெனோவும் ஜப்பான் நாட்டு நிசானும் சேர்ந்து அமைத்த கார் ஆலை, 2010-ல் திறக்கப்பட்டது. 2025-ல் நிசானின் பங்கையும் ரெனோவே வாங்கிக்கொண்டது. இருங்காட்டுக்கோட்டையில் கொரியா நாட்டு ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. ஜெர்மனி நாட்டு டைம்லர் கம்பெனியின் லாரி ஆலை, 2012-ல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது.

வெளிநாட்டுக் கம்பெனி வந்தால் வேலை வரும். சரி, அது மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால்?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்தது அல்ல. இங்கிலாந்துக்காரர்களுக்கும் வந்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

நகரும் பந்தி!

அமெரிக்காவின் ஹென்றி போர்டு, 1911-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு கிளை ஆலை தொடங்கினார். அது முன்பு டிராம் வண்டி செய்த இடம். அமெரிக்காவிலிருந்து உறுப்புகள் கப்பலில் வரும். இங்கே அவற்றைப் பூட்டிக் கார் ஆக்குவார்கள்.

1914-ல் அங்கே ஒரு புதுமை வந்தது. நம் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை ஒரே இடத்தில் இருக்கும். பரிமாறுகிறவர் நடப்பார். போர்டு ஆலையில் இதற்கு நேர்மாறு! பரிமாறுகிறவர் நின்ற இடத்திலேயே நிற்பார். இலை நகர்ந்து வரும். ஒருவர் சோறு போடுவார். அடுத்தவர் சாம்பார் ஊற்றுவார். கடைசி ஆள் அப்பளம் வைத்ததும் பந்தி முடிந்தது!

இப்படித்தான் கார் நகர்ந்து வர, ஒவ்வொரு தொழிலாளியும் ஒவ்வோர் உறுப்பைப் பூட்டினார். வேலை வேகமாக நடந்தது. விலையும் குறைந்தது. இன்று ஒரகடத்திலும் கார் பிறப்பது இந்த முறையில்தான்.

சதுப்பு நிலத்தில் ஓர் ஆலை

மான்செஸ்டர் ஆலை போதவில்லை. லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையில், டாகன்ஹாம் என்ற இடத்தில் சதுப்பு நிலம் வாங்கினார்கள். 1929-ல் ஹென்றி போர்டின் மகன் எட்சல் போர்டு முதல் மண்ணை வெட்டினார். சேற்றில் கட்டடம் நிற்குமா? பல்லாயிரம் கான்கிரீட் தூண்களைப் பூமிக்குள் அடித்து இறக்கி, அவற்றின் மேல் ஆலையைக் கட்டினார்கள்.

1931 அக்டோபர் 1-ல் முதல் வண்டி வெளியே வந்தது. அது ஒரு லாரி.

அங்கே இரும்பு உருக்கும் உலை இருந்தது. மின்சார நிலையம் இருந்தது. கப்பல் வந்து நிற்கும் துறையும் இருந்தது. ஒரு பக்கம் இரும்புத் தாது உள்ளே போகும். மறு பக்கம் வண்டி வெளியே வரும்! 1935-ல் 100 பவுனுக்கு ஒரு கார் விற்றார்கள். 1950-களில் சுமார் 40,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். ஊரே ஆலையை நம்பி வாழ்ந்தது.

1960-ல் ஒரு மாற்றம் ஏற்பட்டது. அதுவரை கம்பெனியின் பங்குகளில் ஒரு பகுதி இங்கிலாந்து மக்களிடமும் இருந்தது. அதையும் அமெரிக்கத் தாய்க் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆலை தேம்ஸ் கரையில் இருந்தாலும், சாவி கடலுக்கு அப்பால் போய்விட்டது.

ஆலையை நிறுத்திய ஊசி

டாகன்ஹாமில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தவர்கள் பெண்கள். தையல் மெஷினில் நுட்பமான வேலை. ஆனால், அதைத் "தேர்ச்சி குறைந்த வேலை" என்று கம்பெனி வகைப்படுத்தியது. அதே வகையில் இருந்த ஆண்களுக்கு 100 கொடுத்தால், பெண்களுக்கு 85-தான்!

1968 ஜூன் 7-ல் அந்தப் பெண்கள் 187 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். "தையல்காரப் பெண்கள்தானே, என்ன ஆகிவிடும்?" என்று சிலர் நினைத்திருக்கலாம். நடந்தது என்ன? உறை இல்லாமல் இருக்கை இல்லை. இருக்கை இல்லாமல் கார் இல்லை. மாபெரும் ஆலையே நின்றுபோனது!

பார்பரா காசில் என்ற பெண் மந்திரி அவர்களை அழைத்துப் பேசினார். மூன்று வாரத்துக்குப் பிறகு, 92 கொடுக்கச் சம்மதம் கிடைத்தது. 1970-ல் சம வேலைக்குச் சம சம்பளம் என்ற சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. ஆனாலும், அவர்கள் வேலை தேர்ச்சியுள்ள வேலை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது 1984-ல்தான். அதற்கு இன்னொரு வேலை நிறுத்தம் வேண்டியிருந்தது!

கடைசிக் கார்

2002 பிப்ரவரியில் டாகன்ஹாமிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. 71 ஆண்டுகளில் அங்கே பிறந்த வண்டிகள் சுமார் 1 கோடியே 10 லட்சம். அத்துடன் கார் வேலை முடிந்தது. ஆனால், ஆலை அடியோடு அழியவில்லை. டீசல் என்ஜின் செய்யும் இடமாக அது மாறியது.

நம் கதை

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் வழியாகப் போனால் சிங்கப்பெருமாள்கோவில் வரும். அதற்கு அருகே மறைமலைநகரில் இருக்கிறது, டாகன்ஹாம் அண்ணனின் தம்பி!

போர்டு கம்பெனி இந்தியாவுக்குப் புதிதல்ல. 1926-லேயே வந்தது. உறுப்புகளைப் பூட்டிக் கார் விற்றது. சுதந்திரத்துக்குப் பின், "இங்கேயே உறுப்புகளைச் செய்ய வேண்டும்" என்று சர்க்கார் சொன்னது. 1954-ல் கம்பெனி கடையைக் கட்டியது.

1995-ல் மகிந்திரா கம்பெனியுடன் சேர்ந்து மறுபடி வந்தது. 1999-ல் மறைமலைநகரிலிருந்து ஐகான் கார் வெளிவந்தது. பிறகு பிகோ, எக்கோஸ்போர்ட் வந்தன. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த பையன்கள் சீருடை அணிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். கடன் வாங்கி வீடு கட்டினார்கள். கல்யாணம் முடித்தார்கள்.

2021 செப்டம்பர் 9-ல் இடி விழுந்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. நியாயமான இழப்பீடு கேட்டு 2022-ல் தொழிலாளர்கள் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் கடைசிக் கார் வெளியேறியது.

ஆலை நின்றால் தொழிலாளி மட்டுமா பாதிக்கப்படுகிறார்? நட்டு, போல்ட் செய்து கொடுத்த பட்டறை நிற்கிறது. வேன் ஓட்டியவர் நிற்கிறார். வாசலில் டீ ஆற்றியவரின் கையும் நிற்கிறது.

மீண்டும் ஒளி

2025 அக்டோபர் 31-ல் ஒரு செய்தி வந்தது. மறைமலைநகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் என்ஜின் செய்யப் போர்டு கம்பெனி தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. 2029 முதல் ஆண்டுக்கு 2,35,000 என்ஜின் செய்வது திட்டம்.

அண்ணனுக்கு நடந்ததே தம்பிக்கும்! கார் போனது. என்ஜின் வருகிறது. ஆனால், முன்பு வேலை பார்த்த எல்லோருக்கும் அது இடம் கொடுத்துவிடாது. இடையில் போன ஆண்டுகளும் திரும்பி வரமாட்டா.

இதில் நமக்கு என்ன பாடம்?

ஆலை நிரந்தரம் என்று நம்பிவிடக் கூடாது. பிள்ளைகள் வேலையில் சேரும்போது, சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். நிரந்தர வேலையா, ஒப்பந்த வேலையா? என்ன தொழில் கற்றுத் தருவார்கள்? நாளைக்கு ஆலை மூடினால் என்ன கிடைக்கும்? இவற்றையும் கேளுங்கள். வாய் திறந்து கேட்டதால்தான் டாகன்ஹாம் பெண்களுக்கு வழி பிறந்தது.

அடுத்த முறை வல்லக்கோட்டையில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஒரு கார் ஏறும்போது, வாங்கியவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அதைச் செய்த கைகளுக்காகவும் முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்!