இரவை அளக்கும் அவரை

ஆடி பிறக்கும்போது கடலூர் மாவட்டத்து முத்தாண்டிக்குப்பம் பக்கம் பலா வரத்து ஓய்ந்துவிடும். முந்திரிக்கொட்டை பொறுக்கும் வேலையும் முடிந்திருக்கும். கோடை முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில் உயிர் பிடித்து நின்ற கத்தரி, வெண்டைச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, குழியெடுத்து, எரு போட்டு ஆடிப்பட்டத்து விதைகளை ஊன்றுவார்கள். பீர்க்கு, புடல், சுரை. கூடவே கொடி அவரை.

பீர்க்கும் சுரையும் இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். அவரை மட்டும் சவுக்குக் கழிப் பந்தலை மூடித் தழைத்துக்கொண்டே போகும், பூவெடுக்காது. உரம் போதவில்லையோ, விதை சரியில்லையோ என்று புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் கலங்குவது இப்போதுதான். கொடியில் ஒரு குறையும் இல்லை. இரவு நீளட்டும் என்று அது காத்திருக்கிறது.

இந்த நெய்வேலிப் பகுதியில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. நாம் கவனிக்காத அந்த வித்தியாசம் அவரைக்குப் போதும். பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடிகள் உண்டு என்பதைப் புகையிலையிலும் சோயாவிலும் சோதித்து, 1920இல் அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் எழுதினார்கள். 1938இல் ஹாம்னரும் பானரும் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார்கள்: செடி உண்மையில் அளப்பது இடையறாத இருட்டை. நடு இரவில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலும் கணக்கு குலைந்துவிடும். இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி வெயிலில் ஒரு வடிவத்துக்கு மாறுகிறது, இருட்டில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. செடிக்கு இரவு தெரிவது இதன் வழியாகத்தான். ஆகவே தெருவிளக்கு விழும் மூலையில் அவரைப் பந்தல் போடாதிருப்பது நல்லது.

கார்த்திகையில் இலைகளுக்கு மேலே பூங்கொத்துகள் நிமிரும்; ஊதாவோ வெள்ளையோ, ரகத்தைப் பொறுத்தது. பனி இறங்கியதும் அசுவினிப் பூச்சியும் வந்துவிடும். கொத்தின் நுனித் தண்டில் கறுப்பாக, இடைவெளியே இல்லாமல் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். விடியற்காலையில், பனி ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைத் தூவுவது ஊர் வழக்கம். ஈரத்தில்தான் சாம்பல் ஒட்டும்.

பூத்துக் காய்க்கத் தொடங்கும் மாதங்கள் கடலூர் மாவட்டத்தின் புயல் மாதங்களும்கூட. தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30இல். பலாவும் முந்திரியுமே வேரோடு சாய்ந்த அந்தக் காற்றில் பந்தல்கள் எம்மாத்திரம்!

காத்திருக்க முடியாதவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் குத்து அவரை ரகங்கள் இருக்கின்றன. அவை பகல் நீளம் பார்ப்பதில்லை. பந்தலும் வேண்டாம், எந்தப் பட்டத்திலும் காய்க்கும். இடமும் பொறுமையும் உள்ள வீட்டுக்குக் கொடி அவரையே மேல். பூக்கத் தொடங்கிவிட்டால் மாசி வரை பறித்துக்கொண்டே இருக்கலாம்.