ஒன்பதும் நாற்பத்தொன்றும்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து சென்னைப் பட்டணத்துக்குப் பிரயாணம் செய்ய இரண்டு வஸ்துக்கள் வேண்டும். ஒன்று, போகிற வீட்டில் கொடுக்க நாலு கட்டு அப்பளம். மற்றொன்று, ரயிலில் படுக்க ஓர் இடம். முதலாவது எங்கள் ஊரில் எந்த வேளையிலும் கிடைக்கும். இரண்டாவது விஷயத்தில் நான் ஏமாந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை. நானே ஏமாந்தேன்.

சென்னையில் இருக்கும் என் மகளுக்கு இரண்டாவது பேறுகாலம். மூத்த குழந்தையின் பள்ளிக்கூடத்தை உத்தேசித்துப் பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்வதென்று தீர்மானமாயிற்று. தாயார் பக்கத்தில் இல்லாமல் முடியுமா? திருநெல்வேலியிலிருந்து புறப்படும் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் பார்த்தேன். இரண்டு பேருக்கும் காத்திருப்போர் பட்டியலில் 38, 39 என்று காட்டியது. கேரளத்திலிருந்து வந்து நம் ஊர் வழியாகச் சென்னை செல்லும் வேறொரு வண்டியில் 9, 10 என்று காட்டியது. முப்பத்தெட்டைவிட ஒன்பது சிறியது என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. ஒன்பதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து எதிர்வீட்டுப் பிள்ளைவாளிடம் பெருமையாகச் சொன்னேன். வியாபார நிமித்தமாக முப்பது வருஷமாய்ச் சென்னைக்குப் போய் வருகிறவர் அவர். அன்று மாலைதான் அதே நாளைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் 41 வாங்கியிருந்தார்.

"ஒன்பதா? அது எந்த வரிசையிலே ஒன்பது வே?" என்று கேட்டார்.

"வரிசையிலே என்ன அண்ணாச்சி வித்தியாசம்? ஒன்பது ஒன்பதுதானே?"

அவர் சிரித்தார். "திருச்செந்தூரிலே பொது தரிசனத்துக்கு ஒரு வரிசை, கட்டண தரிசனத்துக்கு ஒரு வரிசை இருக்குல்லா? அந்த வரிசையிலே நூறாவது ஆளாய் நிற்கிறவன் உள்ளே போயிருவான். இந்த வரிசையிலே பத்தாவது ஆள் வெயிலிலே நிற்பான். நம்பரைப் பார்க்கக்கூடாது வே, வரிசையைப் பார்க்கணும்."

புறப்படும் நாளன்று பகலில் சார்ட் தயாராயிற்று. பிள்ளைவாளுக்கு எஸ் 7 பெட்டியில் நடுப் படுக்கை கிடைத்துவிட்டது. என் ஒன்பது ஆறாக நகர்ந்து, அதற்குமேல் அசைய மறுத்துவிட்டது. செல்போன் மூலம் வாங்கிய டிக்கெட்டாகையால் அது தானாகவே ரத்தாகி, சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பியது. பணம் திரும்பி என்ன பிரயோஜனம்? அன்று இரவு நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். பேத்தி பிறந்த செய்தி கோவில்பட்டியைத் தாண்டும்போது வந்தது. என் மனையாள் அழுதாள். சந்தோஷத்தினால் என்றுதான் சொன்னாள்.

பிறகுதான் இந்தச் சாஸ்திரத்தைச் சிரத்தையுடன் கற்றேன்.

ஒரு வண்டியிலுள்ள படுக்கைகள் எல்லாம் ஒரே குவியலாக இருப்பதில்லை. பல கோட்டாக்களாகப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும் பங்கு, வண்டி புறப்படும் ஊரிலிருந்தோ அதை அடுத்துள்ள ஊர்களிலிருந்தோ நெடுந்தூரம் செல்கிறவர்களுக்கான பொதுப் பங்கு. அதில் இடம் தீர்ந்தபின் வருகிறவர்கள் நிற்கும் வரிசைதான் ஜி.என்.டபிள்யூ.எல். என்பது. பங்கு பெரிதாகையால் பிரயாணத்தை ரத்து செய்கிறவர்களும் அங்கேதான் அதிகம். ஒருவர் விலக ஒருவர் முன்னேறுவார். வழியிலுள்ள முக்கியமான சில ஊர்களுக்குத் தனியே ஒரு சிறு பங்கு உண்டு. அதன் வரிசை ஆர்.எல்.டபிள்யூ.எல். அந்தச் சிறு பங்கில் இடம் பெற்றவர்களில் யாராவது விலகினால்தான் இந்த வரிசை நகரும். இன்னும் சில ஊர்களைச் சேர்த்து ஒரே பங்காக வைப்பதும் உண்டு, அதற்கு பி.க்யூ.டபிள்யூ.எல். என்று பெயர். பத்துப் படுக்கையுள்ள பங்கில் ஒன்பதாவதாக நிற்பதற்கும், பல நூறு படுக்கையுள்ள பங்கில் நாற்பத்தொன்றாவதாக நிற்பதற்கும் உள்ள பேதம் இப்போது விளங்குகிறதல்லவா? எனக்கும் விளங்கிற்று, பஸ்ஸில் இரவு முழுதும் உட்கார்ந்து போன பிறகு.

டிக்கெட்டில் '41/17' என்பது போல இரண்டு எண்கள் தெரியும். முன்னது வாங்கியபோது இருந்த இடம்; பின்னது இப்போதுள்ள இடம். பின்னதைக் கவனித்தால் போதும்.

சார்ட் தயாராகும் வேளையில் ஒரு விசேஷம் நடக்கும். பெண்களுக்கென்றும், வயோதிகர்களுக்கென்றும், மந்திரிகள், பார்லிமெண்ட் அங்கத்தினர்கள், நீதிபதிகள், அவசர வைத்தியத்துக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கென்றும் ஒதுக்கிய படுக்கைகளில் மிஞ்சியவற்றை அப்போது காத்திருப்பவர்களுக்கு விடுவார்கள். அதனால்தான் பல நாள் அசையாத எண் கடைசி வேளையில் துள்ளி ஓடுகிறது. இந்தச் சார்ட்டை வண்டி புறப்பட 4 மணி நேரத்துக்கு முன்பு போடுவது வெகுகால வழக்கம். 2025-ஆம் ஆண்டில் அந்நேரத்தை இன்னும் முன்னுக்குத் தள்ளினார்கள். எங்களைப் போல் பாசஞ்சர் வண்டி பிடித்து நெல்லைச் சந்திப்புக்கு வர வேண்டிய அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சிவாசிகளுக்கு இது நன்மையே. இடமில்லை என்பதை வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு வேறு வழி தேடலாம்.

தத்கால் என்றொரு முறை 1997 டிசம்பரில் வந்தது. பிரயாணத்துக்கு முந்தின நாள், குளிர்சாதனப் பெட்டிகளுக்குக் காலை 10 மணிக்கும், சாதாரணப் படுக்கைக்கு 11 மணிக்கும் அது திறக்கும். அதில் நேராக இடம் கிடைத்தால் பாக்கியம். ஆனால் தத்காலின் காத்திருப்போர் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். உறுதியான தத்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஆகவே யாரும் ரத்து செய்வதில்லை, வரிசையும் நகர்வதில்லை. 2025 ஜூலை முதல் இணையத்தில் தத்கால் வாங்க ஆதார் சரிபார்ப்பு வேண்டுமென்றும், திறந்த முதல் அரை மணிக்கு ஏஜெண்டுகள் வாங்கக்கூடாதென்றும் விதி செய்தார்கள்.

பொங்கலுக்கு ஊர் வருகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 120 நாள் முன்னதாக டிக்கெட் வாங்கலாம் என்றிருந்ததை 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்தார்கள். ஜனவரி 13-ஆம் தேதி டிக்கெட்டுக்கு நவம்பர் 14 அன்று காலை 8 மணிக்கே தயாராக இருக்க வேண்டும். எட்டேகாலுக்கு எழுந்து பல் துலக்குகிறவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல்தான்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒரு சூக்ஷுமம் சொல்கிறேன். 60 வயதான ஆடவர்களுக்கும், 45 வயதான பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப்படுக்கைகளில் ஒரு பங்கு உண்டு. ஆனால் தனியாகவோ, அதே தகுதியுள்ள இருவராகவோ டிக்கெட் எடுத்தால்தான் அந்தப் பங்கில் சேர்ப்பார்கள். பாட்டியை மகன், மருமகள், பேரன்களோடு ஒரே டிக்கெட்டில் சேர்த்து வாங்குவது நம் குடும்பங்களின் வழக்கம். பாசத்தினால் செய்வதுதான்; பலன், பாட்டிக்கு மேல்படுக்கை! அவருக்கு மட்டும் தனி டிக்கெட் எடுப்பது உத்தமம். வயோதிகர்களின் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள் என்றாலும், இந்தக் கீழ்ப்படுக்கைப் பங்கை எடுத்துவிடவில்லை.

கோவில்பட்டி, விருதுநகர் நண்பர்களில் கெட்டிக்காரர்கள் நெல்லையிலிருந்தே டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஏறும் ஊரைத் தங்கள் ஊராக முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். கட்டணம் சற்றே கூடும். ஆனால் பெரிய வரிசையில் இடம் பிடித்தாயிற்று. ஏறும் ஊரை மாற்றாமல் சும்மா இருந்துவிட்டால், நெல்லையில் ஆள் வரவில்லையென்று படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட இடமுண்டு. பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

கவுண்டரில் வாங்கிய காத்திருப்பு டிக்கெட் தானாக ரத்தாகாது. வண்டி புறப்பட அரை மணிக்கு முன்பாகவே ரத்து செய்தால்தான் பணம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு படுக்கைப் பெட்டியில் ஏறிவிடலாம் என்று நினைப்பது தவறு. முன்பதிவில்லாத பெட்டியில்தான் அதற்கு இடம். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் பணம் கொடுத்துப் படுத்திருப்பவரின் காலடியில் நாலு பேர் உட்கார்ந்து வருவதைப் பார்த்திருக்கிற நான் விதியைக் குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம், படுக்கைகள் போதவில்லை என்பதில்தான். 2023-இல் வந்தே பாரத் நெல்லைக்கு வந்தது. அதே வருஷம் தாம்பரத்திலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டைக்கும் ஒரு வண்டி விட்டார்கள். ஆயினும் தீபாவளி, பொங்கல் சமயத்தில் பொருநைக் கரை முழுவதும் சென்னையிலிருந்து ஊருக்குத் திரும்பப் பார்க்கிறதே!

பேத்திக்குத் தொட்டில் போட்ட பிறகு நாங்கள் ஊர் திரும்பினோம். இம்முறை எழும்பூரிலிருந்து புறப்படும் நெல்லை எக்ஸ்பிரஸில்தான் வாங்கினேன், பொது வரிசையில், 27, 28. சார்ட் வந்தபோது இருவருக்கும் ஆர்.ஏ.ஸி. கிடைத்திருந்தது. பக்கவாட்டுக் கீழ்ப்பலகை ஒன்றில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வர வேண்டும். முழுக் கட்டணம், பாதிப் பலகை. ஆனால் வண்டியிலிருந்து இறக்கிவிட மாட்டார்கள். வராத பிரயாணியின் படுக்கையும் முதலில் ஆர்.ஏ.ஸி.காரர்களுக்கே வரும்.

விழுப்புரம் தாண்டியதும் பரிசோதகர் வந்தார். கையிலிருந்த சாதனத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, உள்ளே இருபத்தைந்தில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அது கீழ்ப்படுக்கை. அவள் எழுந்து போனாள். பக்கவாட்டுப் பலகை முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. கால் நீட்டிப் படுத்தவன், மணியாச்சியில்தான் கண் விழித்தேன்.