காவிரியில் பல நாள் கயாக் பயணமா? படகை இறக்கும் முன் இதைப் படிங்க!

மேட்டூரில் கிளம்பி முக்கொம்பு வரை துடுப்பு போட்டே போகணும்னு ஆசையா? மேப்பில் ஒரே நீலக் கோடாகத் தெரியும் காவிரி, நேரில் அப்படி இல்லை.

தண்ணீர் எப்போ கூடும்?

அது மேட்டூர் அணையில் திறக்கும் அளவைப் பொறுத்தது. 1 கன அடி என்பது நொடிக்கு சுமார் 28 லிட்டர். 1,000 கன அடி திடீரென 20,000 ஆனால், கூடாரம் போட்ட மணல் திட்டே மூழ்கிடும். இங்கே வெயில் அடிச்சாலும், குடகில் மழை கொட்டினால் வெள்ளம் வரும். தினமும் காலையில் நீர் திறப்பு அளவைப் பாருங்க. வெள்ள எச்சரிக்கை இருந்தா கிளம்பாதீங்க.

பெரிய ஆபத்து எது?

கதவணைகள்தான். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை, மாயனூர் என வழியெங்கும் உண்டு. கதவணைக்குக் கீழே விழும் தண்ணீர் திரும்பச் சுழன்று, லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் உள்ளே இழுக்கும். தூரத்திலேயே கரையேறி, படகைத் தூக்கிட்டு நடந்து கடங்க.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

15 முதல் 20 கி.மீ. போதும். கதவணைக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்பதால் ஆறு உங்களை இழுத்துட்டுப் போகாது. படகைச் சுமக்கவும் நேரம் ஒதுக்குங்க.

இரவில் எங்கே தங்குவது?

ஊர்க்காரர்களிடம் கேட்டுட்டு, கரையில் மேடான இடத்தில் தங்குங்க. சுழல், மணல் குழி, முதலை பற்றி பரிசல்காரர்களும் மீனவர்களும் சொல்வாங்க. மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்பது அவசியம்.

கடைசியா ஒண்ணு: எந்த நாள் எந்த ஊர் என்ற பட்டியலை வீட்டில் கொடுத்துட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்குப் போன் வரலைன்னா, அவங்க 112-க்கு அழைக்கட்டும்.