நாவல் பழத்தை எப்போது கழுவலாம்?

ஆனி, ஆடியில் சித்தூர், திருப்பதிச் சாலையோரங்களில் கூடைகூடையாக நேரேடு, அதாவது நம் நாவல் பழம், வந்து இறங்கும். வாங்கியதும் கழுவி டப்பாவில் அடைத்தால் அது வீணாகத்தான் போகும். தோல் மிக மெல்லியது. காம்பு கழன்ற இடத்தில் ஈரம் தங்கினால் அங்கேயே பூஞ்சை பிடித்துவிடும். கழுவாமல் வைத்தால் தூசி இருக்குமே என்பீர்கள். இருக்கட்டும், தின்னும் நேரத்தில் உப்புத் தண்ணீரில் அலசினால் போதும். அதுவரை, நசுங்கியதைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அகலத் தட்டில் துணி விரித்து, ஒரே அடுக்காகப் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் ஓரிரு நாள்தான் தாங்கும்.

செங்காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்கலாமே என்று நினைப்பவர்களும் உண்டு. பறித்த பின் நாவலில் இனிப்பு ஏறாது. ஆகவே செம்மை துளியும் இல்லாமல் கறுத்து, பளபளவென்று, விரலுக்கு லேசாக நெகிழ்வதையே எடுங்கள். மிஞ்சினால் கொட்டை நீக்கி, சர்க்கரை சேர்த்து ஜாம் கிளறலாம். இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம். பழத்தின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் நிறம் மங்கிக் கறுக்கும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. இறக்கும்போது கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால், புளிப்பில் அந்த ஊதாச் சாயம் சிவந்து தெளியும்.